கிஃப்ட் என்றால் நஞ்சு: ஜெர்மானிய மொழிகளில் ஒத்த சொற்களின் உறவைக் கண்டறிய ஒரு வழிகாட்டி

ஜெர்மனியில் தோட்டச் சாமான் விற்கும் கடை ஒன்றில் எலி மருந்து டப்பா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே ‘ராட்டன்கிஃப்ட்’ என்று அச்சிட்டிருந்தது. ஆங்கிலம் மட்டும் பழகிய கண்ணுக்கு அது எலிக்குத் தரும் பரிசு. ஜெர்மனிலோ கிஃப்ட் என்றால் நஞ்சு. சுவீடனுக்குப் போனால் அதே சொல்லுக்கு நஞ்சு என்றும் பொருள், திருமணமானவர் என்றும் பொருள்.

இவை தற்செயலாக ஒத்துப்போன வேறு வேறு சொற்களா, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா? ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். ‘கொடு’ என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் அது. ஆங்கிலத்தில் அது கொடையாக நின்றது. சுவீடிஷில் பெண் கொடுப்பதைக் குறித்தது. நாமும் ‘அந்த வீட்டில் பெண் கொடுத்திருக்கிறோம்’ என்றுதானே சொல்கிறோம்? ஜெர்மனில் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தளவைக் குறித்து, பிறகு கொடுக்கக் கூடாததைக் கொடுப்பதற்கு மறைமொழியாகி, கடைசியில் நஞ்சாகவே ஆனது. ஆனாலும் பழைய பொருள் அங்கே முழுவதும் சாகவில்லை. வரதட்சிணைக்கு ஜெர்மனில் ‘மிட்கிஃப்ட்’ என்று பெயர்: உடன் கொடுத்தனுப்புவது.

இப்படிப்பட்ட உறவுகளை யூகத்தால் அல்லாமல் முறைப்படி கண்டுபிடிக்க முடியும். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இரண்டு சொற்கள் ஒரே மாதிரி இருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. அவை ஒழுங்காக வேறுபடுவதுதான் சான்று.

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. இங்கே பிறமொழிச் சொற்களை ஒலிக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதுகிறேன். ‘பட்டம்’ என்பதில் வரும் டகரத்தை வல்ல ட என்றும், ‘பண்டம்’ என்பதில் வரும் டகரத்தை மெல்ல ட என்றும் சொல்வேன். இந்த வேறுபாடு இல்லாமல் ஜெர்மனைப் பற்றிப் பேசவே முடியாது.

முதல் படி: நான்கு பத்திகள் போடுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், சுவீடிஷ் என்று நான்கு பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கும் ஜெர்மானியக் குடும்பத்து மொழிகள்; ஜெர்மன் அவற்றுள் ஒன்று. இரண்டே மொழிகளை வைத்துக்கொண்டு உறவு தேடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். டச்சு மொழி ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் நடுவில் நிற்கும் சாட்சி. சுவீடிஷ் வடக்குக் கிளையின் சாட்சி; டேனிஷ், நார்வேஜியன், ஐஸ்லாண்டிக் எல்லாம் அந்தக் கிளையைச் சேர்ந்தவை.

உடல் உறுப்பு, உறவுமுறை, எண், நீர், நெருப்பு, வீடு, கால்நடை என்று அன்றாடச் சொற்களிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலத்தில் ஜஸ்டிஸ், டேபிள், கவர்ன்மென்ட் போன்றவை பிரெஞ்சு வழியாக வந்தவை. அவற்றை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஒரு வரி இப்படி இருக்கும்: டென், டீன், ட்ஸேன், டீயு. நான்கும் பத்து. இன்னொன்று: டங், டோங், ட்ஸுங்க, டுங்கா. நான்கும் நாக்கு. இப்படி ஐம்பது வரி எழுதிவிட்டுப் படுக்கைவாட்டில் அல்லாமல் மேலிருந்து கீழாகப் படியுங்கள். மற்ற மூன்றிலும் சொல்லின் முதலில் வல்ல ட வரும் இடத்திலெல்லாம் ஜெர்மன் பத்தியில் மட்டும் ட்ஸ என்று வருவது தானாகவே கண்ணில் படும்.

இரண்டாம் படி: ஒலி மாற்றச் சட்டங்களைக் கைவசப்படுத்துங்கள்

தமிழ் படித்தவருக்கு இது புதிதல்ல. நமது பால் கன்னடத்தில் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. நான்கு சொல்லைக் கேட்டதும் ஐந்தாவதை நாமே சொல்லிவிடலாம். ஜெர்மானிய மொழிகளிலும் இதே கதைதான், இரண்டு அடுக்காக நடந்திருக்கிறது.

முதல் அடுக்கு, ஜெர்மானியக் குடும்பம் முழுவதையும் லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் ஆகியவற்றிலிருந்து பிரித்தது. டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் 1818-இல் இதை எடுத்துக்காட்டினார். யாக்கோப் கிரிம் 1822-இல் சட்டமாக வகுத்தார். லத்தீனின் பகரம் ஃபகரம் ஆனது: பாட்டர் – ஃபாதர், பிஸ்கிஸ் – ஃபிஷ். ககரம் ஹகரம் ஆனது: கோர்னு – ஹார்ன், கென்டும் – ஹண்ட்ரட். வல்ல ட ஆங்கிலத்தின் தகரம் ஆனது: ட்ரேஸ் – த்ரீ. மெல்ல ட வல்ல ட ஆனது: டெகெம் – டென்.

இரண்டாம் அடுக்கு ஜெர்மனுக்கு மட்டும் உரியது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டிலிருந்து எட்டாம் நூற்றாண்டு வரை தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பரவியது. பகரம் ப்ஃப அல்லது ஃப ஆனது: ஆப்பிள் – ஆப்ஃபல், ஷிப் – ஷிஃப், ஓப்பன் – ஓஃபன். வல்ல ட சொல்லின் முதலில் ட்ஸ என்றும், உயிருக்குப் பின்னால் ஸ என்றும் ஆனது: டூ – ட்ஸ்வை, வாட்டர் – வாஸர், ஈட் – எஸ்ஸன். உயிருக்குப் பின்னால் வந்த ககரம் தொண்டையில் உரசும் ஹகரம் ஆனது: மேக் – மாஹன், புக் – பூஹ். மெல்ல ட வல்ல ட ஆனது: டே – டாக், டோர் – ட்யூர். தகரம் மெல்ல ட ஆனது, இது மட்டும் டச்சிலும் நடந்தது: திங் – டிங், தார்ன் – டோர்ன்.

அந்தப் பரவல் வடக்கே ஓரிடத்தில் நின்றுவிட்டது. மாஹன் என்று சொல்பவர்களையும் மாகன் என்று சொல்பவர்களையும் பிரிக்கும் கோட்டுக்கு, ரைன் நதிக்கரையில் டுசல்டோர்ஃப் நகரின் பகுதியான பென்ராத்தின் பெயரையே மொழியியலாளர் வைத்திருக்கிறார்கள். டுசல்டோர்ஃப் என்னும் பெயரும் ஒரு நல்ல பாடம். டோர்ஃப் என்றால் ஊர். டச்சில் டோர்ப். ஆங்கிலத்தில் தோர்ப், இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் நகரப் பெயரின் பின்பாதி அதுதான். சுவீடிஷில் டோர்ப் என்பது சிற்றூர்ப்புறத்துக் குடிசை. சொல்லின் முதலில் தகரம் மெல்ல டகரமாகியிருக்கிறது. கடைசியில் பகரம் ஃபகரமாகியிருக்கிறது. ஒரே சொல்லில் இரண்டு சட்டங்கள்.

ஆங்கிலத்துக்கென்று சொந்தப் பழக்கமும் உண்டு. இகர, எகரங்களுக்கு முன்னால் வந்த ககரத்தை அது சகரமாக்கிக்கொண்டது. ஜெர்மன் கேஸ ஆங்கிலத்தில் சீஸ், கிர்ஹெ சர்ச், கின் சின். கன்னடத்தின் கிவி நமக்குச் செவி, கேரி நமக்குச் சேரி என்பதை நினைத்துக்கொண்டால் இதை மறக்கவே முடியாது.

சட்டம் தவறுவதுபோல் தெரிந்தால் கைவிட்டுவிடாதீர்கள். லத்தீனில் பாட்டர், ஃப்ராட்டர் இரண்டிலும் ஒரே வல்ல ட. ஜெர்மனிலோ ஃபாட்டர் என்பதில் வல்ல ட, ப்ரூடர் என்பதில் மெல்ல ட. தந்தைக்கு ஒரு நீதி, அண்ணனுக்கு ஒரு நீதியா? பல பத்தாண்டுகள் அறிஞர்களை அலைக்கழித்த இந்தப் புதிரை டென்மார்க்கின் கார்ல் வெர்னர் தீர்த்து, 1877-இல் வெளியிட்டார். சமஸ்கிருதத்தில் பித்ர் என்பதற்கு அழுத்தம் இரண்டாம் அசையில். ப்ராத்ர் என்பதற்கு முதல் அசையில். அழுத்தத்துக்கு முன்னால் நின்ற ஒலி ஒரு வழியிலும் பின்னால் நின்ற ஒலி இன்னொரு வழியிலும் போயிருக்கின்றன. பழைய வேத மொழியின் அழுத்தத்தின் தடம் இன்றைய ஜெர்மன் சிறுவன் அப்பாவையும் அண்ணனையும் அழைப்பதில் இருக்கிறது. மொழியியலில் இதைவிட அழகான கண்டுபிடிப்பை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் படி: வேடதாரிகளைப் பிரித்தெடுங்கள்

சட்டங்கள் கையில் இருந்தால் போலி உறவுகள் தாமே கழன்று விழும். ஆங்கில டே, லத்தீன் டியெஸ் இரண்டுக்கும் பகல், நாள் என்றுதான் பொருள். இரண்டும் மெல்ல டகரத்தில் தொடங்குகின்றன. அதனாலேயே அவை உறவல்ல! லத்தீனின் மெல்ல ட ஆங்கிலத்தில் வல்ல டகரமாக வர வேண்டும் என்பது சட்டம். டியெஸ் என்பதன் உண்மையான உறவு டியூஸ்டே என்பதன் முன்பாதியில் இருக்கிறது. டீவ் என்னும் பழைய ஜெர்மானியத் தெய்வத்தின் பெயர் அது. சமஸ்கிருதத்தின் தேவ என்பதும் அதே வேர். ஆக, செவ்வாய்க்கிழமையின் ஆங்கிலப் பெயரில் உண்மையான உறவினரும் வேடதாரியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜெர்மன் ஹாபன், லத்தீன் ஹாபேரெ இரண்டுக்கும் ‘வைத்திரு’ என்று பொருள். இதிலும் பலர் விழுவார்கள். ஜெர்மன் ஹகரத்துக்கு லத்தீனில் ககரம் வேண்டும். ஹாபன் என்பதன் உண்மையான கூட்டாளி, ‘பிடி’ என்னும் பொருளுடைய காபெரெ.

ஜெர்மானியக் குடும்பத்துக்குள்ளேயும் வேடதாரிகள் உண்டு. ஜெர்மனில் ஹெல் என்றால் வெளிச்சமானது. ஆங்கில நரகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜெர்மன் ராட் என்பது எலி அல்ல, ஆலோசனை. நகர மன்றக் கட்டடம் ராட்ஹவுஸ். அதன் ஆங்கில உறவு ‘படி’ என்று பொருள்படும் ரீட். அந்தச் சொல்லின் பழைய பொருள் அறிவுரை கூறுவது.

நான்காம் படி: விருந்தாளிகளுக்குத் தேதி போடுங்கள்

கடன் வாங்கிய சொற்களும் உறவுபோல் தோன்றும். ஆனால் எந்த ஒலி மாற்றம் அவற்றில் நடந்திருக்கிறது, எது நடக்கவில்லை என்று பார்த்தால், அவை எப்போது வந்தன என்பதையே கணித்துவிடலாம்.

மிளகை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பெப்பர், டச்சில் பேப்பர், சுவீடிஷில் பெப்பார், ஜெர்மனில் ப்ஃபெஃபர். லத்தீனில் பிபெர். இது பழைய குடும்பச் சொல்லாக இருந்தால் முதல் அடுக்கில் பகரம் ஃபகரமாகியிருக்க வேண்டும்; ஆகவில்லை. எனவே கிரிம் சொன்ன மாற்றம் முடிந்த பிறகே வந்திருக்கிறது. ஜெர்மனில் இரண்டு பகரமும் மாறியிருக்கின்றன. எனவே இரண்டாம் அடுக்கு தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டது. ரோமானியர் ரைன் கரையில் முகாமிட்டு வணிகம் செய்த காலம் இந்த இடைவெளியில் கச்சிதமாகப் பொருந்துகிறது. லத்தீனுக்கு இது கிரேக்கம் வழியாக இந்தியாவிலிருந்து போனது. வடமொழியின் பிப்பலி, நம் திப்பிலி. முசிறியில் கப்பலேறிய மிளகுக்குத் திப்பிலியின் பெயர் ஒட்டிக்கொண்டது! ப்ஃபெஃபர் என்று ஜெர்மன்காரர் உச்சரிக்கக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நாட்டு மருந்துக் கடை வாசனைதான் வருகிறது.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. நாம் சொல்லும் துட்டு, டௌய்ட் என்னும் டச்சுச் செப்புக் காசு. இலங்கைத் தமிழில் அலுவலகத்துக்குக் கந்தோர் என்பது டச்சின் கான்டோர்.

ஆங்கிலத்துக்குள் ஒரு சுருக்குவழி சொல்கிறேன். அதன் சொந்தச் சொற்களில் பழைய ஸ்க என்பது ஷ ஆகிவிட்டது: ஷிப், ஃபிஷ், ஷர்ட். எனவே ஸ்கை, ஸ்கின், ஸ்கர்ட் என்று ஸ்க மாறாமல் நிற்பவை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. இந்த மூன்றும் வைக்கிங் குடியேறிகள் கொண்டுவந்தவை. ஷர்ட், ஸ்கர்ட் இரண்டும் ஒரே சொல்தான். ஒன்று வீட்டில் வளர்ந்தது. மற்றொன்று கடல் கடந்து வந்து வேறு ஆடையின் பெயராகிவிட்டது.

ஐந்தாம் படி: பொருள் எங்கே பிரிந்தது என்று தேடுங்கள்

ஒலி பொருந்துகிறது, பொருள் பொருந்தவில்லை. இந்த இடத்தில் அகராதியை மூடிவிட்டு, அந்தச் சொல் பிறந்த காலத்து ஊரையும் வீட்டையும் கண்முன் கொண்டுவர வேண்டும். இந்தப் படியில்தான் நேரம் அதிகம் செலவாகும், செலவிடுங்கள்.

ஆங்கில டவுன் ஊர். டச்சு டௌயின் தோட்டம். ஜெர்மன் ட்ஸௌன் வேலி. ஐஸ்லாண்டிக் டூன் பண்ணை வீட்டைச் சுற்றியுள்ள புல்வெளி. ட – ட்ஸ சட்டம் அப்படியே பொருந்துவதால் உறவில் ஐயமில்லை. ஊரும் தோட்டமும் வேலியும் எப்படி ஒன்றாகும்? திருநெல்வேலி என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நெல்வயலைக் காத்த வேலி ஊரின் பெயராகவே ஆகிவிட்டது. தஞ்சைப் பக்கத்தில் வேலி நில அளவையாகவும் ஆனது. மாடு அடைத்த பட்டி, கோவில்பட்டியாக வளர்ந்தது. ஜெர்மானியரும் முதலில் வேலிதான் கட்டினார்கள். ஜெர்மன் அந்த வேலியையே பிடித்துக்கொண்டது. டச்சு வேலிக்கு உள்ளே இருந்த தோட்டத்தை எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் வேலிக்குள் இருந்த பண்ணையையும் அது பெருகி உண்டான ஊரையும் எடுத்துக்கொண்டது. பிரைட்டன், வாஷிங்டன் என்னும் பெயர்களின் கடைசியில் நிற்பது அந்த வேலிதான்.

வான்ட் என்னும் சொல்லும் இப்படித்தான். ஜெர்மனில் சுவர், ஆங்கிலத்தில் மெல்லிய கோல். இரண்டும் ‘முறுக்கு, சுற்று’ என்னும் வினையின் பிள்ளைகள். வளையும் குச்சிகளைப் பின்னி மண் பூசியதே அந்தக் காலத்துச் சுவர். நம் ஊர்ப் படலைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கல்லாலும் செங்கல்லாலும் கட்டும் கலை ரோமானியரிடமிருந்து வந்தபோது, கற்சுவருக்கான மௌவர், ஓட்டுக்கும் செங்கல்லுக்குமான ட்ஸீகல், ஜன்னலுக்கான ஃபென்ஸ்டர் என்று பெயர்களும் லத்தீனிலிருந்து கூடவே வந்தன.

சில நேரம் இரண்டு சொற்கள் இடம் மாற்றிக்கொள்ளும். டச்சில் ஸே கடல், மேர் ஏரி. ஜெர்மனில் மேர் கடல். ஸே என்பது ஆண்பாலில் ஏரி, பெண்பாலில் கடல். போடன்ஸே ஏரி, நோர்ட்ஸே கடல். நெதர்லாந்தில் 1932-இல் 32 கிலோமீட்டர் நீள அணையைக் கட்டி, ஸௌடர்ஸே என்னும் கடற்பகுதியை அடைத்தார்கள். உள்ளே சிக்கிய நீர் ஏரியானது. உடனே பெயரும் ஐசல்மேர் என்று மாறியது. ஸே போய் மேர் வந்தது. ஜெர்மன்காரர் இதைத் தம் மொழிப் பழக்கத்தில் படித்தால், ஏரி கடலானது என்று தலைகீழாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

சாப்பாட்டுச் சொற்களில் கவனம் தேவை. நார்வேயில் ஃப்ரூகோஸ்ட் காலை உணவு. டென்மார்க்கில் அதே ஃப்ரோகோஸ்ட் மதிய உணவு. ‘முன்நேர உணவு’ என்பதே மூலப் பொருள். டென்மார்க்கில் வேளை தள்ளிப்போனது. ஒஸ்லோவில் இருக்கும் நம்மவர்கள் கோபன்ஹேகன் உறவினர் வீட்டுக்குப் போகும்போது நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. ரோலிக் என்பது டேனிஷிலும் நார்வேஜியனிலும் அமைதியானது, சுவீடிஷில் வேடிக்கையானது. பீ என்பது டென்மார்க்கில் நகரம், சுவீடனில் கிராமம். டார்பி, கிரிம்ஸ்பி என்று இங்கிலாந்தில் வைக்கிங்குகள் விட்டுச்சென்றதும் அதுவே.

ஆறாம் படி: அகராதியில் சரிபாருங்கள்

முடிவை எழுதுவதற்கு முன் சொற்பிறப்பு அகராதியைப் பார்த்தே ஆக வேண்டும். ஜெர்மனுக்கு ஃபிரீட்ரிஷ் குளூகெ 1883-இல் முதலில் வெளியிட்ட அகராதி, திருத்திய பதிப்புகளாக இன்றும் பயன்படுகிறது. கிரிம் சகோதரர்கள் 1838-இல் தொடங்கிய பேரகராதி 1961-இல்தான் நிறைவடைந்தது; யாக்கோப் ‘ஃப்ருஹ்ட்’, அதாவது கனி என்னும் சொல்லில் வேலை செய்துகொண்டிருந்தபோது காலமானார். அந்தப் பேரகராதியை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

அகராதியில் ஒரு சொல்லுக்கு முன் உடுக்குறி (*) இருந்தால், அது எந்த ஏட்டிலும் கிடைத்த வடிவம் அல்ல. ஒலிச் சட்டங்களைக் கொண்டு மீட்டமைத்த வடிவம். உடுக்குறி இல்லாத பழைய வடிவங்களுக்கு மதிப்பு அதிகம். நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்னும் ஆயர், இன்று வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான கோதிக்கில் பெயர்த்த பைபிள் அத்தகைய சாட்சி. அதன் புகழ்பெற்ற பிரதி, ஊதாத் தோலில் வெள்ளி மையால் எழுதியது, உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கூட்டுச் சொற்களையும் பாருங்கள். தனியே இறந்துபோன பொருள் கூட்டில் பிழைத்திருக்கும். ஜெர்மனில் ட்ஸிம்மர் என்றால் அறை; ஆனால் தச்சர் இன்றும் ட்ஸிம்மர்மான். ஆங்கில டிம்பர் என்னும் மரம் அந்த அறைக்குள்தான் இருக்கிறது.

ஒரு சொல்லை எல்லாப் படிகளிலும் ஏற்றிப் பார்ப்போம்

டச்சில் டோஃப் என்றால் காது கேளாதவர். ஜெர்மனில் டோஃப் என்றால் முட்டாள். பத்திகளை நிரப்புங்கள். ஆங்கிலம் டெஃப், டச்சு டோஃப், சுவீடிஷ் டெவ். எல்லாம் காது கேளாமை, எல்லாம் மெல்ல ட. சட்டப்படி ஜெர்மனில் வல்ல ட வர வேண்டும். வந்திருக்கிறது: டௌப், காது கேளாதவர். அப்படியானால் ஜெர்மன் பத்தியில் மெல்ல டகரத்தோடும் ஃபகரத்தோடும் நிற்கும் டோஃப் சொந்தப் பிள்ளை அல்ல. இரண்டாம் அடுக்கு மாற்றம் எட்டாத வடக்குத் தாழ்நிலப் பேச்சிலிருந்து வந்த விருந்தாளி. ஒலி இவ்வளவையும் சொல்லிவிட்டது. பொருள் சொல்வது கசப்பானது: காது கேளாதவரை அறிவில்லாதவராக எண்ணிய பழைய கொடுமை, இன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயில் வசைச்சொல்லாக உலவுகிறது.

அடுத்த வரியில் டம் என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். அதன் பழைய பொருள் பேச இயலாதவர். டச்சில் டோம், ஜெர்மனில் டும். இரண்டும் இன்று முட்டாள். ஆனால் சட்டப்படி ஜெர்மனில் வல்ல ட அல்லவா வர வேண்டும்? இடைக்கால ஜெர்மன் ஏடுகளில் வல்ல டகரத்தோடு டும்ப் என்றுதான் இருக்கிறது. அது எந்தத் திசைப் பேச்சின் செல்வாக்கால் மெலிந்திருக்கும் என்பதை டோஃப் ஏற்கெனவே காட்டியிருக்கிறது. குளூகெயைத் திறந்து சரிபாருங்கள்.